முட்டி நிற்கும் ரத்தம்: மாரடைப்பில் அடைப்பைத் திறப்பது எப்படி?

மாரடைப்பு வந்தவருக்கு எடுக்கும் ஆஞ்சியோகிராமைத் திரையில் பார்த்தால் பாதி விஷயம் புரிந்துவிடும். வெளிர் சாம்பல் நிறத் திரை. மருத்துவர் ஒரு மெல்லிய குழாய் வழியாகச் சாயத்தைச் செலுத்துகிறார். இதயத்தின் மேல் படர்ந்திருக்கும் ரத்தக்குழாய்களுக்குள் அது கறுப்பு மை போல ஓடுகிறது. கிளை, கிளைக்குள் கிளை என்று நுனிவரை போய், ஒவ்வொரு துடிப்புக்கும் சேர்ந்து ஆடுகிறது. ஆனால் ஒரு இடத்தில் மட்டும் சாயம் முட்டி நின்றுவிடுகிறது. மரத்தில் ஒரு கிளையை அறுத்து எடுத்ததுபோல, அதற்கு அப்பால் வெறுமை. உண்மையில் அந்த இடம் வெறுமை இல்லை. அங்கே இதயத் தசை இருக்கிறது. இன்னும் முழுதாகச் சாகவில்லை, செத்துக்கொண்டிருக்கிறது.

மாரடைப்பு சிகிச்சை என்றதும் ஐசியு, ஊசி, ஸ்டென்ட், பைபாஸ் என்று பல வார்த்தைகள் காதில் விழும். எல்லாவற்றுக்கும் நடுவில் இருப்பது ஒரே வேலைதான்: சாயம் முட்டி நிற்கிற இடத்தைத் திறந்து ரத்தத்தை அப்பால் ஓடவிடுவது. எவ்வளவு நன்றாகத் திறந்தார்கள் என்பது முக்கியம். வலி தொடங்கி எவ்வளவு நேரத்துக்குள் திறந்தார்கள் என்பது அதைவிட முக்கியம். இந்த இரண்டாவது விஷயம் பலருக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை என்பதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

இதயத்துக்கே ரத்தம் இல்லையா?

இதயத்துக்குள் எப்போதும் ரத்தம் நிரம்பியிருக்கிறதே, அப்புறம் அதற்கு எப்படி ரத்தம் கிடைக்காமல் போகும்? நியாயமான கேள்வி. இதய அறைகளுக்குள் இருப்பது உடம்புக்கும் நுரையீரலுக்கும் போகிற ரத்தம். உட்சுவரை ஒட்டிய மிக மெல்லிய அடுக்கைத் தவிர, தசை அதிலிருந்து எதையும் எடுத்துக்கொள்வதில்லை. இதயம் வெளியே தள்ளிய ரத்தத்தில் ஒரு பங்கு, மகாதமனி என்னும் பெரிய ரத்தக்குழாய் இதயத்திலிருந்து தொடங்கும் இடத்திலேயே பிரியும் இரண்டு சிறு குழாய்கள் வழியாகத் திரும்பி இதயத் தசைக்கு வருகிறது. இவைதான் கரோனரி தமனிகள். வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று. இடது பக்கத்தது சற்றுத் தூரத்திலேயே இரண்டாகப் பிரிந்துவிடும். அதனால்தான் 'மூன்று குழாயிலும் அடைப்பு' என்ற பேச்சு வருகிறது. தொடக்கத்தில் இவற்றின் உள்விட்டமே 3, 4 மில்லிமீட்டர்தான்.

நாம் ஓய்வாக இருக்கும்போது இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது. அதில் ஏறக்குறைய 250 மில்லிலிட்டர் இந்தக் குழாய்களுக்குப் போகிறது. கை, கால் தசைகளுக்கு ஒரு சௌகரியம் உண்டு. ரத்தம் கொண்டுவரும் ஆக்சிஜனில் ஒரு பகுதியை மட்டும் சாதாரண நேரத்தில் எடுத்துக்கொண்டு, ஓடும்போதும் தூக்கும்போதும் மீதியை எடுக்கும். இதயத் தசைக்கு அந்த வசதி கிடையாது. நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அது வந்த ஆக்சிஜனில் முக்கால் பங்கை உறிஞ்சிவிடும். கூடுதலாக வேண்டுமென்றால் கூடுதல் ரத்தம் வந்தாக வேண்டும். நாளுக்கு ஒரு லட்சம் முறை துடிக்கும் தசைக்குக் கையிருப்பு என்று ஒன்றும் இல்லை. வரத்து நின்றால் ஒரு நிமிடத்துக்குள்ளேயே அந்தப் பகுதி சரியாகச் சுருங்க முடியாமல் திணறத் தொடங்கிவிடும்.

அடைப்பு விழும் விதம்

தண்ணீர்க் குழாயில் உப்புப் படிந்து படிந்து ஒருநாள் முழுதாக அடைத்துக்கொள்வது போலத்தான் மாரடைப்பும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. கொழுப்புப் படிவு பல வருடங்களாகச் சேர்கிறது என்பது சரி. ஆனால் அது குழாயின் உட்புறத்தில் அப்பிக்கொண்டிருக்கும் அழுக்கு அல்ல. குழாயின் சுவருக்குள்ளேயே, ஒரு கொப்புளம் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. உள்ளே கூழ் போன்ற கொழுப்பு, மேலே நாராலான ஒரு மூடி. அந்த மூடி கெட்டியாக இருக்கும்வரை பெரிய ஆபத்து இல்லை. மேடேறும்போது மூச்சு வாங்கலாம், நெஞ்சு இறுக்கலாம், நின்றால் சரியாகலாம்.

சில படிவுகளில் மூடி மெலிந்துபோகிறது. ஒருநாள் அது கிழிகிறது. இதுவரை ரத்தத்தின் கண்ணில் படாமல் இருந்த உள்சரக்கு ரத்தத்தோடு நேருக்கு நேர் உரசுகிறது. உடம்புக்கு இது ஒரு காயம். கையில் கத்தி பட்டால் என்ன செய்யுமோ அதையேதான் இங்கேயும் செய்கிறது. ரத்தத்தை உறையவைக்க உதவும் தட்டணுக்கள் ஓடிவந்து ஒட்டுகின்றன, ஒன்றோடொன்று கைகோர்க்கின்றன. பிறகு ஃபைப்ரின் என்னும் நார் வலைபோலப் பின்னிச் சிவப்பணுக்களையும் பிடித்துக் கட்டியாக்குகிறது. விரலில் உயிரைக் காக்கும் அதே வேலை, 3 மில்லிமீட்டர் குழாய்க்குள் உயிரை எடுக்கிறது.

இதிலிருந்து ஒன்று புரியும். 'போன மாதம்தான் டெஸ்ட் எடுத்தார், எல்லாம் நார்மல், எப்படித் திடீரென்று வந்தது?' என்று வீடுகளில் கேட்பார்கள். சோதனையில் யாரும் தவறு செய்திருக்க வேண்டியதில்லை. பாதிகூட அடைக்காத ஒரு படிவு, ஓட்டத்தைக் கெடுக்காமல் அமைதியாக இருந்தது, கிழிந்த பிறகு சில நிமிடங்களில் குழாயை மூடிவிடலாம். டிரெட்மில் சோதனை குறுகலைக் காட்டும். எந்த மூடி நாளை கிழியும் என்று காட்டாது.

ரத்தக்கட்டிதான் குற்றவாளி என்பது இன்று சாதாரணமாகத் தெரிகிறது. ஆனால் மருத்துவ உலகம் இதை ஒப்புக்கொள்ள ரொம்ப நாள் ஆனது. ஜேம்ஸ் ஹெரிக் என்ற அமெரிக்க மருத்துவர் 1912லேயே கரோனரி தமனியில் உறையும் ரத்தத்தைப் பற்றி எழுதினார். பிறகும், கட்டி உருவாவதால் மாரடைப்பா, மாரடைப்பு வந்ததால் கட்டியா என்று பல பத்தாண்டுகள் வாதம் நடந்தது. 1980ல் மார்கஸ் டிவுட் குழுவினர் அதை முடித்துவைத்தார்கள். வலி தொடங்கிய 4 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோகிராம் எடுத்த நோயாளிகளில் 87 சதவீதத்தினருக்குக் குழாய் முழுதாக அடைபட்டிருந்தது. 12 மணி நேரம் கழித்து எடுத்தவர்களில் அது 65 சதவீதம். அதாவது முதலில் கட்டி அடைக்கிறது, சிலருக்கு உடம்பே மெல்ல அதைக் கரைத்தும் விடுகிறது. உடம்பு தாமதமாகச் செய்வதை நாம் சீக்கிரம் செய்தால் என்ன? இன்றைய சிகிச்சை முழுவதும் அந்தக் கேள்வியிலிருந்து வளர்ந்ததுதான்.

உள்ளிருந்து வெளியே பரவும் சாவு

குழாய் அடைத்த நொடியில் தசை செத்துவிடுவதில்லை. இந்த ஒரு உண்மையை நம்பித்தான் மொத்தச் சிகிச்சையும் நடக்கிறது. 1970களின் பிற்பகுதியில் ரைமர், ஜென்னிங்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் நாய்களின் கரோனரி தமனியை வெவ்வேறு நேரம் கட்டிவைத்து, பிறகு அவிழ்த்துவிட்டுப் பார்த்தார்கள். தசை ஒரு வரிசைப்படி சாகிறது என்று தெரிந்தது. முதலில் போவது இதயச் சுவரின் உட்புற அடுக்கு. குழாய்கள் சுவரின் வெளிப்பக்கம் ஓடுவதால், உள்ளடுக்குதான் ரத்த வரத்தின் கடைசி முனை. இதயம் சுருங்கும்போது அழுத்தம் அதிகம் விழுவதும் அங்கேதான். அங்கே தொடங்கிய சாவு, ஈரம் சுவரில் ஊறுவதுபோல மெல்ல வெளிப்பக்கம் பரவுகிறது. 40 நிமிடத்தில் கட்டை அவிழ்த்தால் சுவரின் பெரும்பகுதி தப்பியது. 6 மணி நேரம் ஆனபோது காப்பாற்ற மிச்சம் ரொம்பக் குறைவு.

மனிதர்களுக்கு அதே கடிகாரம் அப்படியே பொருந்தாது. சிலருக்குப் பக்கத்துக் குழாயிலிருந்து சிறு சிறு கிளைவழிகள் ஏற்கெனவே உருவாகியிருக்கும், அவை கொஞ்சம் ரத்தத்தைக் கொடுத்துத் தாங்கும். சிலருக்குக் கட்டி விட்டுவிட்டு அடைக்கும். ஆனால் போக்கு ஒன்றுதான். முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் திறந்தால் கிடைக்கும் லாபம் மிகப் பெரிது. அதன் பிறகு வேகமாகச் சரிகிறது. ஆறாவது மணியில் மிச்சமாகும் ஒரு மணி நேரமும், முதல் மணியில் மிச்சமாகும் ஒரு மணி நேரமும் ஒன்றல்ல.

செத்த இதயத் தசை திரும்ப முளைப்பதில்லை. அந்த இடத்தில் தழும்புதான் உருவாகும். தழும்பு சுருங்காது, ரத்தத்தைத் தள்ளாது. மிச்சமிருக்கும் தசை அதன் பங்கையும் சேர்த்துச் சுமக்கும். சுமந்து சுமந்து இதயம் விரிவடையும், காலில் நீர் கோக்கும், படுத்தால் மூச்சு முட்டும்.

என் மாமாவுக்கு விடியற்காலை 4 மணிக்கு நெஞ்சில் கல்லை வைத்ததுபோல் இருந்தது. வாயுக் கோளாறு என்று ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டார். வீட்டில் யாரையும் எழுப்ப வேண்டாம் என்று நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வியர்த்துக் கொட்டியதைப் பார்த்து அத்தை கேட்டபோதும், 'ஒண்ணுமில்ல, இப்ப தேவலாம்' என்றிருக்கிறார். மருத்துவமனைக்குப் போனபோது மணி 9. அங்கே எல்லோரும் ஓடி ஓடிச் செய்தார்கள். குழாயை விரித்துப் பிடிக்கும் ஸ்டென்ட் அருமையாகப் பொருந்தியது, படத்தில் குழாய் பளிச்சென்று திறந்திருந்தது. ஆனால் எக்கோ என்னும் இதய ஸ்கேனில் இதயத்தின் பம்ப் செய்யும் திறன் 30 சதவீதம் என்று வந்தது. 55க்கு மேல் இருக்க வேண்டியது. பல மாதம் கழித்து எடுத்தபோதும் பெரிதாக ஏறவில்லை. குழாய் திறந்தது, தசை போய்விட்டது. அந்த 5 மணி நேரத்தை நினைக்காமல் என்னால் இந்தப் பொருளைப் பற்றி எழுத முடியாது.

ஒரு துண்டுக் காகிதம்

நெஞ்சுவலியோடு வருபவருக்கு 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்பது உலகம் முழுக்க உள்ள மருத்துவ வழிகாட்டுதல். கட்டம் போட்ட அந்த இளஞ்சிவப்புக் காகிதத்தில் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு கூரிய முனை எழும், இறங்கும், பிறகு கோடு சிறிது தூரம் தட்டையாகப் போய், மெல்ல ஒரு சிறு மேடு வரும். கூர்முனைக்கும் மேட்டுக்கும் நடுவே உள்ள அந்தத் தட்டையான துண்டுக்கு எஸ்டி பகுதி என்று பெயர். ஒரு பெரிய குழாய் முழுதாக அடைத்துக்கொண்டால், அது தட்டையாக இல்லாமல் மேலே தூக்கி நிற்கும். பார்க்க ஒரு குன்று போல இருக்கும். எந்த வரிசைகளில் தூக்கியிருக்கிறது என்பதை வைத்தே, முன்பக்கக் குழாயா வலது குழாயா என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

இப்படி எஸ்டி தூக்கிய மாரடைப்பை மருத்துவர்கள் சுருக்கமாக 'ஸ்டெமி' என்பார்கள். அது தெரிந்த நிமிடத்திலிருந்து வேறு எதற்கும் காத்திருக்கக் கூடாது. டிரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனை முடிவுக்குக்கூட. தசை சாகும்போது கசியும் புரதம் அது, ரத்தத்தில் ஏறச் சில மணி நேரம் ஆகலாம். வீடு எரியும்போது புகையை அளந்துகொண்டிருக்க முடியாது.

இன்னொரு வகை உண்டு. கட்டி குழாயை முழுதாக அடைக்காமல், கொஞ்சம் ரத்தம் ஒழுகிக்கொண்டிருக்கும். டிரோபோனின் ஏறும், எஸ்டி தூக்காது. இதுவும் மாரடைப்புதான், 'மைல்டு அட்டாக்' என்று தட்டிக்கழிக்கக் கூடியது அல்ல. ஆனால் சிகிச்சையின் வேகமும் வகையும் வேறு. நோயாளி நிலையாக இருந்தால் மருந்துகளோடு, பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாளுக்குள் ஆஞ்சியோ செய்வார்கள். கட்டியைக் கரைக்கும் ஊசியை இவர்களுக்குப் போடுவதில்லை, பலன் இல்லை என்று ஆய்வுகளில் தெரிந்துவிட்டது. இனி வருவது முழுக்க ஸ்டெமி பற்றியது.

கரைக்கும் ஊசி

1933ல் வில்லியம் டில்லெட் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய சகாவும், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி வெளியிடும் ஒரு பொருள் உறைந்த ரத்தத்தைக் கரைப்பதைக் கண்டார்கள். தொண்டைப் புண்ணை உண்டாக்கும் அந்தக் கிருமிக் கூட்டத்திலிருந்து வந்ததால் பிற்பாடு அதற்கு ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்று பெயர் வந்தது. நம் ரத்தத்திலேயே பிளாஸ்மினோஜென் என்ற ஒரு புரதம் தூங்கிக்கொண்டிருக்கிறது. அதை எழுப்பினால் பிளாஸ்மின் ஆகும். பிளாஸ்மின், ஃபைப்ரின் வலையை நறுக்கும் கத்தரிக்கோல். ஸ்ட்ரெப்டோகைனேஸ் செய்வது அந்தத் தூக்கத்தைக் கலைப்பதுதான்.

இத்தாலியில் 11,000க்கும் அதிகமான நோயாளிகளை வைத்து நடந்த ஜிஸ்ஸி ஆய்வு 1986ல் வெளியானது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 21 நாளுக்குள் 13 சதவீதம் பேர் இறந்தார்கள். ஸ்ட்ரெப்டோகைனேஸ் பெற்றவர்களில் 10.7 சதவீதம். வித்தியாசம் சிறிதாகத் தெரியலாம். ஆனால் வலி தொடங்கிய முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஊசி பெற்றவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தபோது, சாவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. 6 மணி நேரத்துக்குப் பிறகு பெற்றவர்களிடம் தெளிவான லாபம் இல்லை. நாய்களிடம் பார்த்த அந்தப் பரவல், ஆயிரக்கணக்கான மனிதர்களின் கணக்கிலும் எழுந்து நின்றது.

இரண்டு வருடம் கழித்து, 1988ல், ஐசிஸ்-2 என்ற இன்னும் பெரிய ஆய்வு. 17,187 நோயாளிகள். இதில் எனக்கு எப்போதும் வியப்பைத் தருவது ஊசி அல்ல, மாத்திரை. ஸ்ட்ரெப்டோகைனேஸ் தனியாகச் சாவைக் கால்பங்கு குறைத்தது. வெறும் ஆஸ்பிரினும் தனியாக ஏறக்குறைய அதே அளவு குறைத்தது. இரண்டும் சேர்ந்தபோது, எதுவும் பெறாதவர்களில் 13.2 சதவீதமாக இருந்த இதய, ரத்தக்குழாய்ச் சாவு 8 சதவீதமாக இறங்கியது. ஒரு பக்கம் ஊசி வலையை நறுக்குகிறது, மறுபக்கம் ஆஸ்பிரின் தட்டணுக்களை மறுபடி கைகோர்க்காமல் தடுக்கிறது. மாரடைப்பு என்று சந்தேகம் வந்தாலே ஆஸ்பிரினைக் கொடுத்து, விழுங்காமல் மென்று சாப்பிடச் சொல்வது அதனால்தான். மென்றால் சில நிமிடங்களிலேயே வேலை தொடங்கிவிடும்.

இன்று டெனெக்டிபிளேஸ் போன்ற மருந்துகள் இருக்கின்றன. உடல் எடைக்கு ஏற்ப அளந்து, சில நொடிகளில் ஒரே ஊசியாகப் போட்டுவிடலாம். ஆம்புலன்ஸிலேயே போடும் இடங்களும் உண்டு. ஸ்ட்ரெப்டோகைனேஸை ஏறக்குறைய ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். ஒருமுறை ஏற்றினால் உடம்பு அதற்கு எதிர்ப்பொருள் உருவாக்கிக்கொள்வதால், மறுமுறை கொடுப்பதும் சரிவராது.

கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு நல்ல கட்டி எது, கெட்ட கட்டி எது என்று தெரியாது. மூளையில் எங்காவது பலவீனமான குழாய் இருந்தால் அங்கே ரத்தம் கசியலாம். நூற்றில் ஒருவருக்கோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ மூளைக்குள் ரத்தக்கசிவு ஏற்படுகிறது. அதனால்தான் அந்த அவசரத்திலும், பக்கவாதம் வந்ததுண்டா, அண்மையில் பெரிய அறுவை சிகிச்சை நடந்ததா, தலையில் அடிபட்டதா என்றெல்லாம் கேட்கிறார்கள். எரிச்சல்படாமல் சரியான பதிலைச் சொல்லுங்கள்.

ஊசி வேலை செய்ததா என்று ஈசிஜியே சொல்லும். 60 முதல் 90 நிமிடத்துக்குள் அந்தக் குன்று பாதிக்கு மேல் இறங்கியிருந்தால், வலியும் தணிந்திருந்தால், குழாய் பெரும்பாலும் திறந்துவிட்டது என்று அர்த்தம். இறங்கவில்லை என்றால் உடனே பலூன் சிகிச்சைக்குக் கொண்டுபோக வேண்டும்.

கம்பியும் பலூனும்

1929ல் ஜெர்மனியில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் மருத்துவர், தன் கையிலுள்ள ரத்தக்குழாய் வழியாக ஒரு மெல்லிய குழாயைத் தானே செருகி, இதயம்வரை தள்ளி, எக்ஸ்ரே அறைக்கு நடந்துபோய்ப் படம் எடுத்தார். அந்தத் துணிச்சலுக்கு 1956ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இதயத்துக்குள் குழாய் போனால் உயிர் போகாது என்று அன்றுதான் உலகுக்குத் தெரிந்தது. ஆண்ட்ரியாஸ் குருண்ட்சிக் என்பவர் தன் வீட்டுச் சமையலறை மேசையில் குட்டிக் குட்டிப் பலூன்களைச் செய்து பார்த்துப் பார்த்து, 1977 செப்டம்பர் 16 அன்று சூரிச் நகரில் 38 வயது நோயாளி ஒருவரின் கரோனரி தமனியைப் பலூனால் விரித்தார். நோயாளி விழித்திருந்தார். நெஞ்சைத் திறக்கவில்லை. 1986ல் பிரான்சிலும் சுவிட்சர்லாந்திலும் முதல் ஸ்டென்ட்கள் வைக்கப்பட்டன. விரித்த இடம் மறுபடி சுருங்காமல் முட்டுக்கொடுக்கும் உலோக வலைக்குழாய் அது. இப்போது வைப்பவற்றில் பெரும்பாலானவை மருந்து பூசியவை. உள்ளே தசை வளர்ந்து மறுபடி அடைப்பதை அந்த மருந்து தடுக்கும்.

மாரடைப்பு நேரத்தில் நேரடியாக இதைச் செய்வதற்குப் பிரைமரி ஆஞ்சியோபிளாஸ்டி என்று பெயர். மணிக்கட்டில் மரத்துப்போகும் ஊசி. நாடி பார்க்கும் தமனிக்குள் ஒரு சிறு குழாய். அதன் வழியாகக் கதீட்டர் என்னும் நீண்ட மெல்லிய குழாய், தோள் வழியாக இறங்கி மகாதமனியின் அடிக்கு வந்து கரோனரியின் வாயில் நிற்கிறது. சாயம் போகிறது, அடைப்பு தெரிகிறது. இப்போது ஒரு கம்பி. 0.36 மில்லிமீட்டர் தடிமன், நுனி மட்டும் புல்லைப் போல வளையும். மருத்துவர் வெளியே இரு விரலால் உருட்ட, அங்கே கட்டியின் மேல் நுனி தடவுகிறது, முட்டுகிறது, வழுக்குகிறது, ஒரு கணத்தில் உள்ளே நுழைந்து அப்பால் போய்விடுகிறது. அந்தக் கம்பிதான் தண்டவாளம். அதன் மேல் சுருட்டிய பலூன் போகிறது, சில நொடி விரிகிறது, சுருங்குகிறது. பிறகு ஸ்டென்ட்.

மறுபடி சாயம். இந்த முறை அது முட்டி நிற்கவில்லை. அறுத்து எடுத்ததுபோல் இருந்த இடத்தில் முழுக் கிளையும் தெரிகிறது, நுனிவரை. பல நோயாளிகளுக்கு அந்த நேரத்திலேயே நெஞ்சின் பாரம் இறங்கும். ரத்தம் திடீரென்று பாய்ந்ததால் இதயத் துடிப்பு சிறிது நேரம் தாறுமாறாகலாம். மானிட்டர் சத்தமிடும், ஆனால் அறையில் இருப்பவர்களுக்கு அது பெரும்பாலும் நல்ல செய்தியின் சத்தம்.

ஊசியா, பலூனா?

2003ல் 23 ஆய்வுகளைத் தொகுத்து, 7,739 நோயாளிகளின் கணக்கைப் பார்த்தார்கள். முதல் சில வாரங்களில் இறந்தவர்கள் ஊசிப் பக்கம் 9 சதவீதம், பலூன் பக்கம் 7 சதவீதம். மறுபடி மாரடைப்பு வருவதும் மூளைப் பாதிப்பும்கூடப் பலூனில் குறைவு. ஆகவே பலூன் மேல். ஆனால் ஒரு நிபந்தனை: அது சீக்கிரம் கிடைக்க வேண்டும்.

கேத் லேப், அதாவது ஆஞ்சியோவும் பலூன் சிகிச்சையும் செய்யும் அறை, உள்ள மருத்துவமனைக்கே நேராகப் போனவருக்கு, உள்ளே நுழைந்து 60 முதல் 90 நிமிடத்துக்குள் குழாய் திறந்திருக்க வேண்டும் என்பது இலக்கு. கேத் லேப் இல்லாத இடத்தில் மாரடைப்பு என்று தெரிந்தால், அங்கிருந்து கிளம்பிப் போய்க் குழாயைத் திறக்க மொத்தம் 120 நிமிடத்துக்குள் முடியுமா என்று பார்க்க வேண்டும். முடியும் என்றால் உடனே அனுப்பலாம். முடியாது என்றால், தடையொன்றும் இல்லாதவருக்கு அங்கேயே ஊசியைப் போட்டுவிட்டு, அப்புறம் அனுப்ப வேண்டும். ஊசி வெற்றியடைந்தாலும் 2 முதல் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ செய்து, மீதமிருக்கும் குறுகலைச் சரிசெய்வார்கள்.

ஊசியை இரண்டாந்தரச் சிகிச்சை என்று நினைத்து, 'வேண்டாம், பெரிய ஆஸ்பத்திரிக்கே போய்விடுகிறோம்' என்று மறுக்கும் குடும்பங்கள் உண்டு. அந்த மறுப்புக்குப் பின்னால் இருப்பது பாசம்தான், ஆனால் கணக்கு தப்பு. வலி தொடங்கி ஒன்றிரண்டு மணி நேரமே ஆன இளம் கட்டி ஊசிக்கு எளிதில் கரையும். மூன்று மணி நேரப் பயணத்துக்குப் பின் கிடைக்கும் மிகச் சிறந்த ஸ்டென்ட்டைவிட, இப்போதே கையில் ஏறும் ஊசி அதிகத் தசையைக் காப்பாற்றலாம்.

திறந்த பிறகு

பெரிய குழாய் திறந்தும் தசைக்குள் ரத்தம் சரியாகப் போகாத நிலை ஒன்று உண்டு. நீண்ட நேரம் பட்டினி கிடந்ததால் நுண்குழாய்கள் வீங்கியிருக்கும், உடைந்த கட்டித் துகள்கள் அவற்றில் சிக்கியிருக்கும். திரும்பி வந்த ரத்தமே, அதிலுள்ள ஆக்சிஜனாலும் செல்லுக்குள் பாயும் கால்சியத்தாலும், தள்ளாடிக்கொண்டிருந்த சில செல்களைக் கொன்றுவிடவும் செய்யும். பல மருந்துகளை முயன்றும் இதை முழுதாகத் தடுக்கும் வழி இன்னும் கையில் வரவில்லை. சீக்கிரம் திறப்பதே இதற்கும் சிறந்த மருந்து.

நல்ல செய்தியும் இருக்கிறது. தப்பிய தசையில் ஒரு பகுதி, உயிரோடு இருந்தும் அதிர்ச்சியில் உறைந்ததுபோல் சில நாட்கள், சில வாரங்கள் துடிக்காமல் இருக்கும். பிறகு விழித்துக்கொள்ளும். அதனால் முதல் நாள் எக்கோவில் வரும் எண்ணைப் பார்த்து நம்பிக்கை இழக்க வேண்டாம். சில வாரங்கள் கழித்து எடுக்கும் எக்கோதான் உண்மை நிலவரத்தைச் சொல்லும்.

ஸ்டென்ட் வைத்த பின் ஆஸ்பிரினோடு குளோபிடோக்ரெல், டிகாக்ரிலர் போன்ற இன்னொரு தட்டணு மருந்தும் சேர்த்து, வழக்கமாக ஒரு வருடம் தருவார்கள். அந்த உலோக வலையின் மேல் மெல்லிய உட்தோல் வளர்ந்து மூடும்வரை, ரத்தத்துக்கு அது ஓர் அந்நியப் பொருள். நன்றாக இருக்கிறதே என்று இரண்டாம் மாதம் தாமாகவே மாத்திரையை நிறுத்திய சிலருக்கு, ஸ்டென்ட்டுக்குள்ளேயே கட்டி விழுந்து மறுபடி அதே திரையில் அதே வெறுமை தெரிகிறது. பல் பிடுங்க வேண்டும், வேறு அறுவை சிகிச்சை வேண்டும் என்றால்கூட, இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

ஒரு குழாய் திறந்ததால் மற்றவை சுத்தமாகிவிடுவதில்லை. அவற்றில் பெரிய அடைப்பு இருந்தால், சில வாரங்களுக்குள் அவற்றையும் சரிசெய்வது மறுபடி மாரடைப்பு வருவதைக் குறைக்கிறது என்று 2019ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு காட்டியது. அடைப்புகள் பலவாகவும் சிக்கலாகவும் இருந்தால் பைபாஸ், அதாவது அடைப்பைச் சுற்றி ரத்தத்துக்கு மாற்றுவழி அமைக்கும் அறுவை சிகிச்சை. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை, புகையை விடுவது, சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் இன்னொரு மூடி கிழியாமல் காக்கும் வேலைகள்.

கேத் லேபுக்கு முன்னால்

தாமதம் பெரும்பாலும் மருத்துவமனைக்குள் நடப்பதில்லை, வீட்டில் நடக்கிறது. நடு நெஞ்சில் அழுத்தம், இறுக்கம், பாரம். அது இடது கைக்கோ இரண்டு கைகளுக்குமோ தாடைக்கோ முதுகுக்கோ பரவலாம். குளிர்ந்த வியர்வை, குமட்டல், மூச்சு வாங்கல் இருக்கலாம். பெண்களுக்கும் முதியவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே பெரிதாக இல்லாமல், விளக்கமில்லாத களைப்பாகவோ மூச்சுத் திணறலாகவோ மேல்வயிற்று வேதனையாகவோ வரலாம். வாயுவா மாரடைப்பா என்று வீட்டில் உட்கார்ந்து யாராலும் தீர்ப்புச் சொல்ல முடியாது. மருத்துவராலேயே ஈசிஜி இல்லாமல் முடியாது.

இப்படி வந்து சில நிமிடங்களில் போகவில்லை என்றால் ஆம்புலன்ஸை அழையுங்கள். தானே வண்டி ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. முதல் மணி நேரத்தில் இதயம் தாளம் தப்பி நின்றுபோகும் ஆபத்து அதிகம். ஆம்புலன்ஸில் இருக்கும் டிஃபிப்ரிலேட்டர் மின்னதிர்ச்சி கொடுத்து அதை மீட்கலாம், காரின் பின்சீட்டில் அது கிடையாது. ஒவ்வாமையோ ரத்தக்கசிவுப் பிரச்சினையோ இல்லாதவர், அழைப்பை எடுப்பவர் சொன்னால், சுமார் 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று சாப்பிடலாம். பலமாக இருமினால் சரியாகிவிடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியை நம்பி ஒரு நிமிடத்தைக்கூட விடாதீர்கள்.

அப்புறம், கடிகாரத்தைப் பாருங்கள். போன உடனே மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, 'வலி எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது?' என்பதாக இருக்கும். அந்தப் பதிலை வைத்துத்தான் ஊசியா பலூனா, இங்கேயா அங்கேயா, இன்னும் எவ்வளவு தசை மிச்சம் இருக்கும் என்று அவர் கணக்குப் போடத் தொடங்குகிறார்.